கண்ணுக்குள் லென்ஸைச் செலுத்தும் கருவி: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் தாயாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். மடிக்கும் லென்ஸைச் சிறு கருவிக்குள் சுருட்டி, ஊசி போடுவதுபோலக் கண்ணுக்குள் செலுத்துவோம் என்று மருத்துவர் கூறினார். சுருட்டிய லென்ஸ் உள்ளே சென்று ஒழுங்காக விரியுமா? ‘ப்ரீலோடட்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்களே, அது அவசியமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: லென்ஸ் விரியுமா என்ற கவலை வேண்டாம், விரியும்படியே அது தயாரிக்கப்படுகிறது. 1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் பொருத்திய லென்ஸ், மடிக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. அத்தகைய லென்ஸின் வட்டப்பகுதி ஏறத்தாழ 6 மி.மீ. அகலம் என்பதால், கண்ணில் திறக்கும் வழியும் அந்த அளவுக்கு இருந்தாக வேண்டும். 1980களில் சிலிக்கானிலும் பின்னர் மிருதுவான அக்ரிலிக்கிலும் லென்ஸ்கள் வந்த பிறகுதான், அதே அகலமுள்ள லென்ஸை வெற்றிலைச் சுருள்போல் சுருட்டி, 2.2 முதல் 2.8 மி.மீ. வரையிலான கீறல் வழியாகவே உள்ளே அனுப்ப முடிந்தது. கீறல் சிறியதாக இருந்தால் தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும். கருவிழியின் வளைவும் அதிகம் மாறாது.

அந்தக் கருவியை இன்ஜெக்டர் என்கிறோம். பேனா அளவிலான கைப்பிடி, லென்ஸை வைக்கும், முனை குறுகிச் செல்லும் குழலான கார்ட்ரிட்ஜ், பின்னாலிருந்து தள்ளும் தண்டு ஆகியவையே அதன் பாகங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் முதலில் விஸ்கோஎலாஸ்டிக் என்னும் வழுவழுப்பான கூழை நிரப்புவார்கள். அது போதாவிட்டால் லென்ஸ் உராய்ந்து கீறல் விழலாம், அதன் கால் போன்ற மெல்லிய தாங்கிகளில் ஒன்று கிழியவும் கூடும். அப்படி நேர்வது அரிது. நேர்ந்தாலும் மைக்ராஸ்கோப்பில் உடனே தெரிந்துவிடும் என்பதால், தேவைப்பட்டால் அப்போதே லென்ஸை மாற்றிவிடலாம். தண்டைத் தள்ளும்போது முன்தாங்கி முதலில், கண்ணின் இயற்கை லென்ஸ் இருந்த உறைக்குள் நுழையும். பிறகு வட்டப்பகுதி மெல்ல விரியும். அக்ரிலிக் லென்ஸ் சில நொடிகள் எடுத்துக்கொண்டு நிதானமாக விரிவதால், அதைச் சரியான இடத்தில் திருப்பி அமர்த்த எங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது.

ப்ரீலோடட் என்றால் தொழிற்சாலையிலேயே இன்ஜெக்டருக்குள் லென்ஸை வைத்து, கிருமிநீக்கம் செய்து அனுப்புவது. இடுக்கியால் லென்ஸை எடுத்து வைக்கும் வேலை இல்லாததால் அது தவறாக ஏற்றப்படும் வாய்ப்பும் தூசி ஒட்டும் வாய்ப்பும் குறைகின்றன. இது நல்ல வசதிதான். ஆனால் இதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. தாயாருக்குக் கிடைக்கும் பார்வை, லென்ஸின் பவரைக் கணக்கிட முன்கூட்டியே செய்யும் அளவீட்டையே பெரிதும் சார்ந்தது. நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டியது வேறொன்று: ஒருமுறை பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜை மறுபடியும் பயன்படுத்துவதில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். காய்ந்த கூழின் எச்சம் கண்ணுக்குள் போனால் கடும் அழற்சி உண்டாகலாம்.

மடிக்கும் லென்ஸ் வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992இல் தொடங்கிய ஆரோலேப், குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்து, எளிய மக்களுக்கும் அது கிடைக்கச் செய்தது. கெட்டி லென்ஸை, தானே மூடிக்கொள்ளும் சுரங்க வடிவக் கீறல் வழியாக, பெரும்பாலும் தையலின்றியே பொருத்தும் முறையிலும் மிக நல்ல பார்வை கிடைக்கிறது.

கேள்வி: சர்க்கரை நோயால் என் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. கருவியால் கண்ணுக்குள் மருந்துத் துணுக்கு வைக்கலாம் என்கிறார்கள். பிறகு அதை எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். 0.7 மி.கி. டெக்ஸாமெத்தசோன் அடங்கிய அந்தத் துணுக்கு, சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடும். கண்ணை மரத்துப்போகச் செய்து, வெள்ளைவிழி வழியாக ஊசியை நுழைத்துப் பொத்தானை அழுத்துவார்கள். அப்போது ‘க்ளிக்’ என்று ஓர் ஒலி கேட்கும், திடுக்கிட்டுத் தலையை அசைத்துவிடாதீர்கள். இது ஸ்டீராய்டு என்பதால் கண் அழுத்தம் உயரலாம். உங்களுக்கு க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாமல் சென்று அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். வலியோ சிவப்போ கூடினால், பார்வை திடீரென மங்கினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.