கேஸ் ஷீட்டை முதலில் கையில் வாங்குங்கள்

வாசகர் கேள்வி–பதில்: நோயாளியின் உரிமை, மருத்துவரின் கடமை

கேள்வி: என் அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன்பின் ஐந்து மாதமாக வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். வேறு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் உள்ளே காஸ் துணி இருப்பது தெரிந்து, மறு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். முதல் மருத்துவமனையில் கேஸ் ஷீட் கேட்டால், "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே, அதுக்கு மேல கிடையாது" என்கிறார்கள். எங்கே முறையிடுவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முறையிடும் இடம் எங்கேயும் ஓடிவிடாது. கேஸ் ஷீட்டை முதலில் வாங்குங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகள்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. அம்மாவின் கையெழுத்தோடு, உள்நோயாளி எண், சேர்த்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி போட்டு இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

"கேஸ் ஷீட்" என்று மட்டும் எழுதினால் நாலு தாளை நீட்டிவிடுவார்கள். சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்து சார்ட், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் உயிர்நாடி, காஸ் எண்ணிக்கைத் தாள். ஆபரேஷன் தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், கடைசியாகத் தோலைத் தைக்கும்போது என்று எண்ண வேண்டும். கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸும் வெளியே நின்று உதவும் நர்ஸும் சேர்ந்து, வாய்விட்டு எண்ணுவதுதான் முறை. ரத்தத்தில் ஊறிய காஸ் சுருண்டு குடலோடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் இந்த எண்ணிக்கை. ஆபரேஷன் காஸில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்றை வைப்பதும் அதற்காகத்தான். கணக்கு உதைத்தால் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மேஜையிலேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தாளில் "எண்ணிக்கை சரி" என்று இருந்தாலும், தாளே இல்லாவிட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

துணியை எடுத்த மருத்துவமனையிலும் ஆபரேஷன் குறிப்பு, எடுத்த பொருளின் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் சி.டி. மூன்றையும் வாங்குங்கள். அசலை யாரிடமும், "ஒரு தடவை பார்த்துட்டுத் தர்றோம்" என்றாலும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்கள் அநேகம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். எந்த ஆணையம் என்பதை, கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் புகார் தாக்கல் செய்யக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். நிபுணர் சாட்சி எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. வயிற்றுக்குள் துணி என்பது தானே பேசும் சான்று.

ஒரு எச்சரிக்கை. கெடு 2 ஆண்டுதான். 1993-ல் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 2002-ல் காஸ் எடுக்கப்பட்டது. 2004-ல் புகார் கொடுத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் வலி இருந்தும் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை என்பதால், காலம் கடந்த புகார் என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்கள் அம்மா வலிக்காக இந்த ஐந்து மாதத்தில் எங்கெங்கு காட்டினாரோ அந்தச் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.

கேள்வி: வயிற்றுக்குள் டியூப் விட்டுப் பார்க்க மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த என் கணவரிடம் கையெழுத்து வாங்கி, சினைப்பையை எடுத்துவிட்டார்கள். அவர் கையெழுத்து செல்லுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: அந்த நிமிடமே எடுக்காவிட்டால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்றிருந்தால் ஒழிய, செல்லாது. இதே போன்ற வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது அவர் தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். சம்மதம் தர வேண்டியவர் வயது வந்த நோயாளி. மயக்கம் தெளிந்ததும் கேட்டிருக்கலாம் என்றது நீதிமன்றம். எடுத்தது மருத்துவ ரீதியாகச் சரியே என்றாலும் இது பொருந்தும். ஆனால் அங்கே கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். அது மிகக் குறைவு என்பது எங்கள் எண்ணம். சம்மதப் படிவத்தில் ஆபரேஷனின் பெயர், மாற்று வழி, ஆபத்து எல்லாம் நிரப்பப்பட்டிருந்ததா, நீங்கள் கையெழுத்திட்டபோது அந்த இடங்கள் காலியாக இருந்தனவா என்று பாருங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். நோயாளி இறந்த மறுநாள், முந்தைய இரவின் ரத்த அழுத்தத்தை இப்போது எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, கோவை

பதில்: பார்க்காத அளவை எழுதாதீர்கள், தாயே. அது பொய்ச் சான்று, அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. பார்த்து, எழுத விட்டுப்போயிருந்தால், "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, இப்போதைய தேதி, நேரம் போட்டு, எப்போது பார்த்தது என்றும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தவறாக எழுதியதை ஒரே கோட்டால், அடியில் இருப்பது தெரியும்படி அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போடுங்கள். ஒயிட்னர் கூடாது, தாளைக் கிழித்துப் புதிதாக எழுதவும் கூடாது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, இரவு முழுக்க ஒரே சீரான எண்கள்: இதைக் குறுக்கு விசாரணையில் நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் உண்மையாக எழுதிய பதிவுகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் தங்கை இறந்துவிட்டாள். போலீஸில் புகார் கொடுத்தால் மருத்துவரைக் கைது செய்வார்களா? பில் கட்டினால்தான் உடல் என்கிறார்கள்.
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். பில்லுக்காக உடலைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைப் பட்டயத்திலேயே இருக்கிறது. உடலை வாங்குமுன், சந்தேகம் இருந்தால், போலீஸில் எழுதிக் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் தகனம் முடிந்தபின் இறப்பின் காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம்.

உடனே கைது செய்ய மாட்டார்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைப்படி, குற்ற வழக்குக்கு அலட்சியம் மிகக் கொடியதாக இருக்க வேண்டும். போலீஸ் முதலில் சம்பந்தமில்லாத மருத்துவர் ஒருவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், கருத்தை வாங்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. பிரசவத்தில் ரத்தப்போக்கு சரியான சிகிச்சையிலும் உயிரைப் பறிக்கலாம். எனவே கேட்க வேண்டியது, ரத்தப்போக்கு தொடங்கியது எத்தனை மணிக்கு, ரத்தம் ஏற்றத் தொடங்கியது எத்தனை மணிக்கு, மேல் சிகிச்சைக்கு அனுப்ப முடிவெடுத்தது எத்தனை மணிக்கு. இந்த மூன்று நேரமும் கேஸ் ஷீட்டில் இருக்கும்.