க்ரீன் டீ மணமுள்ள சென்ட் நாள் முழுக்க நிற்குமா?

எலிசபெத் ஆர்டன் க்ரீன் டீ வாங்கினால் மாலை வரை மணக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணக்காது. காலை எட்டு மணிக்கு அடித்துக்கொண்டால் பகல் சாப்பாட்டுக்குள் என் தோலிலிருந்து போய்விடும். பருத்திப் புடவையின் முந்தானையில் மட்டும் மாலை வரை இலேசாகத் தங்கியிருக்கும். ஏழு ஆண்டுகளாகப் போட்டுக்கொள்கிறவள் என்பதால் சொல்கிறேன். பத்தடி தள்ளி நிற்பவருக்கும் மணக்கவேண்டும் என்பவர்கள் ஊத் என்கிற அகில், அத்தர் பக்கம் போகலாம்; அவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை.

முதல் பத்து நிமிடம் எலுமிச்சை, புதினா. பிறகுதான் தேயிலை வரும். பாலும் இஞ்சியும் கொதிக்கும் நம் வீட்டுத் தேநீர் அல்ல. பச்சைத் தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து மூடியைத் திறந்தால் முகத்தில் படுமே, அந்த ஆவி. அதோடு சேர்ந்தே மல்லிகை எழும்பும்.

தேயிலையைப் பிழிந்து எடுக்கும் மணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பல்கரி என்ற இத்தாலிய நகை நிறுவனத்துக்காக ழான் குளோத் எலெனா செய்த சென்ட்தான் இந்த வகைக்கு வழி திறந்தது. ஹெடியோன், அயனோன் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்தே அவர் தேயிலை மணத்தை வரவழைத்தார். அயனோனில் வயலட் பூவின் வாசனை. ஹெடியோனில் மல்லிகைச் சாயல். நீங்கள் கேட்டிருப்பது 1999இல் வந்தது, பிரான்சிஸ் குர்க்ஜியான் செய்தது. அதிலும் மல்லிகை உண்டு.

எனக்கு அந்த மல்லிகைதான் முக்கியம். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த ஆண்டே அண்ணன் மகளுக்குத் திருமணம். மண்டபத்துக்கு முன்பணம் என் சேமிப்பிலிருந்து போனது. வாசலில் சந்தனமும் பூவும் வைத்துக்கொண்டு நின்ற சிறுபெண் என்னைப் பார்த்துச் சிரித்தபடி தட்டை நீட்டினாள். பக்கத்தில் இருந்த சித்தி அவள் கையைப் பிடித்துத் தட்டை அப்பால் திருப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

பூவையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, சென்ட் அதற்கு ஈடாகுமா என்று யாராவது எழுதுவீர்கள். ஈடாகாது என்று எனக்கும் தெரியும். ஒரு பொங்கலன்று வைத்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள், அவளுக்காக எடுத்தேன். வேறு யாருக்காகவும் எடுத்திருக்கமாட்டேன்.

இந்தப் புட்டியை மகள் விமான நிலையக் கடையில் வாங்கிவந்தாள். மணிக்கட்டில் அடித்துப் பார்த்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் ஓர் உறவினர், "இந்த வயதில் யாருக்காக இந்த வாசனை?" என்று கேட்டார். மனைவி போன மறுவருடமே மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவர் அவர். அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாக வாங்குங்கள். குளித்ததும் தோலில் ஈரப்பசை இருக்கும்போதே கொஞ்சம் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி, அதன்மேல் அடியுங்கள். சற்றுக் கூடுதலாக நிற்கும். குளியலறையில் வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் படாத அலமாரி போதும். பட்டின்மேல் வேண்டாம், கறை படலாம். சிறிய ஸ்பிரே புட்டியில் கொஞ்சம் ஊற்றிக் கைப்பையில் வைத்திருங்கள். வங்கியில் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நான், மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் இன்னொரு முறை மணிக்கட்டில் அடித்துக்கொள்கிறேன்.