வார்டில் தவறிவிட்டது, யாரிடம் சொல்ல? நர்சிங் மாணவிகளின் கேள்விகளுக்குப் பதில்

குமரி மாவட்டத்து வார்டுகளில் முதலில் ஸ்டாஃப் நர்ஸாகவும், அப்புறம் டியூட்டராகவும் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது வார்டில் பயிற்சி எடுக்கும் நாட்களில், நடந்த தவறுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "யாரிடமும் சொல்லவில்லை" என்று முடிகின்றன. தவறை விட எனக்கு அதுதான் கவலை. அவசரமான ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஊசி போட்டுவிட்டு மூடியைத் திருப்பிப் போடும்போது விரலில் குத்திவிட்டது. நேற்று மதியம் நடந்தது. திட்டுவார்களே என்று பயந்து ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். ஒன்றும் ஆகாதுதானே டீச்சர்? (இரண்டாமாண்டு, மார்த்தாண்டம்)

மக்ளே, இதைப் படித்ததும் எழுந்து போ. டியூட்டரிடம் சொல்லிவிட்டு உன் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்குப் போ. அங்கே வழியில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மாத்திரை தேவையா இல்லையா என்பதை அந்த நோயாளியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் 28 நாள் சாப்பிட வேண்டும்.

பயந்து நடுங்கவும் வேண்டாம். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலே, ஒரு ஊசிக்குத்தில் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். ஹெபடைட்டிஸ் பி அதைவிடச் சுலபமாகத் தொற்றும். மூன்று டோஸ் தடுப்பூசியும் போட்டாயா என்று பார்த்துச் சொல். இனி குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. பிதுக்காதே, வாயில் வைக்காதே, ஸ்பிரிட் வேண்டாம். மூடியைத் திருப்பிப் போடும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடு. ஊசி அப்படியே வெள்ளை டப்பாவுக்குள் போகட்டும்.

பிபி பார்க்கும்போது எனக்குச் சத்தமே கேட்கவில்லை. பின்னால் ஸ்டாஃப் நின்றார்கள். 120/80 என்று எழுதிவிட்டேன். (முதலாமாண்டு, தக்கலை)

கேட்காதது தவறில்லை. கேட்காததை எழுதினாயே, அதுதான் தவறு. அந்த எண்ணை நம்பி ஒரு டாக்டர் மாத்திரையைக் குறைக்கலாம். இன்றைக்கே ஸ்டாஃபிடம் போய், "எனக்குக் கேட்கல சிஸ்டர், நீங்க ஒரு தடவ பாருங்க" என்று சொல். சார்ட்டில் பழைய எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடு. ஒயிட்னர் தடவக் கூடாது.

சத்தம் கேட்க வழி இருக்கிறது. முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடி. நாடி நின்ற இடத்திலிருந்து இன்னும் 30 ஏற்று. அப்புறம் நொடிக்கு 2 என்ற கணக்கில் மெதுவாக இறக்கு. புதுப் பிள்ளைகள் சட்டென்று திறந்துவிடுவார்கள், அதனால்தான் கேட்பதில்லை. ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனை முன்பக்கம் பார்த்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். நோயாளி அப்போதுதான் சாயா குடித்திருந்தால் அரை மணி நேரம் விடு.

500 மில்லி ட்ரிப், 8 மணி நேரம். சொட்டுக் கணக்கு எப்போதும் குழப்புகிறது. (இரண்டாமாண்டு, குளச்சல்)

ட்ரிப் குழாய் செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று இருக்கும். 20 என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்துக்கொள், நிமிடத்துக்கு 21 சொட்டு வரும். சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60. உறையைப் பார்க்காமல் கணக்குப் போடாதே.

டீச்சர், நீங்கள் மாணவியாக இருந்தபோது செய்த பெரிய தவறு எது? (மூன்றாமாண்டு, நாகர்கோவில்)

சொல்கிறேன். ஒரு பாட்டிக்குக் காலை இன்சுலின் போட வேண்டும். "சாப்பிட்டாச்சா பாட்டி?" என்றேன். "ஆச்சு மக்ளே" என்றார். போட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்துப் படுக்கை அம்மா கூப்பிடுகிறார். பாட்டியின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, கை ஐஸ் மாதிரி இருக்கிறது. சேலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை. காலையில் அவர் "ஆச்சு" என்று சொன்னது பால் விடாத ஒரு கட்டன் சாயாவை. மரச்சீனிக் கிழங்கு கொண்டுவரப் போன மகன் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்டான்.

என்ன நடந்தது என்று எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. ஆனாலும் ஸ்டாஃபிடம் சொல்ல வாய் வரவில்லை, ட்ரேயைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் இன்றும் என் கனவில் வருகிறது. அப்புறம் ஓடிப் போய்ச் சொன்னேன். சர்க்கரை 48க்கு இறங்கியிருந்தது. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற ஏறப் பாட்டி கண்ணைத் திறந்து, "ஏன் மக்ளே அழுத?" என்று என்னிடமே கேட்டார்.

நம் ஊரில் "சாப்பிட்டாச்சு" என்றால் சாயாவும் ஆகலாம், இரண்டு மட்டிப் பழமும் ஆகலாம். அதனால் "என்ன சாப்பிட்டீங்க? எத்தனை?" என்று கேள். ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டுமென்றால், அந்தச் சாப்பாடு பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு போடு. சிரிஞ்சையும் பார். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், "ம்" என்றார். மாத்திரை கொடுத்த பிறகுதான் வேறு ஆள் என்று தெரிந்தது. ஸ்டாஃப் உடனே டாக்டரைக் கூப்பிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. (இரண்டாமாண்டு, முட்டம்)

உடனே சொன்னாய் பார், நல்ல பிள்ளை. கோட்டாறு சவேரியார் கோயில் இருக்கும் மாவட்டத்தில் ஆண்கள் வார்டில் மூன்று சேவியர் இருப்பது சாதாரணம். அப்பா பெயரைக் கேட்டால் அதிலும் இரண்டு அந்தோணி! "நீங்கதானே சேவியர்?" என்று கேட்டால் காது கேட்காத பெரியவர் தலையாட்டத்தான் செய்வார். "உங்க பேரு என்ன, எந்த ஊரு?" என்று கேட்டு அவர் வாயால் வரவழை. அதை ஐ.பி. நம்பரோடு, அதாவது அட்மிஷன் நம்பரோடு, ஒத்துப் பார்த்த பிறகு மாத்திரையை எடு.

நான் சேலம். "மேலு வலிக்கு" என்று ஒரு அம்மா சொன்னார், மேல்வயிற்று வலி என்று எழுதிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். (முதலாமாண்டு)

சிரித்தவர்கள் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இங்கே மேலு என்றால் உடம்பு. குறுக்கு என்றால் இடுப்புக்குப் பின்புறம். கிறக்கம் என்றால் தலைசுற்றல். சந்தேகம் வந்தால் "கைய வச்சுக் காட்டுங்க அம்மா" என்று கேள். நோட்ஸில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுது.

என் மகள் ஆபரேஷன் தியேட்டரில் மயங்கி விழுந்துவிட்டாள். படிப்பை விடுகிறேன் என்கிறாள். (ஒரு அப்பா, கருங்கல்)

விட வேண்டாம் அண்ணாச்சி. நெய்யூரில் 1838லேயே மிஷன் மருத்துவமனை வந்த மாவட்டம் இது. உங்கள் தெருவிலேயே யாராவது ஒரு நர்ஸ் இருப்பார், அவரிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் ஒரு நாள் விழுந்திருப்பார். பிள்ளைகள் பதற்றத்தில் காலையில் சாப்பிடாமல் போகிறார்கள், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள், அங்கே சூடு வேறு. நாளைக்கு நாலு இட்லி கொடுத்து அனுப்புங்கள். நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைக்கட்டும். கண் இருட்டினால் "எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டு, மேஜையை விட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்காரட்டும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.