வளைவில் எரியும் ஆயில் விளக்கு: டிரை சம்ப் போட வேண்டுமா?

கேள்வி: என் காரில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். ரேஸ் டிராக்கில் மட்டுமே ஓட்டுகிறேன். செமி-ஸ்லிக் (பள்ளங்கள் குறைந்த, பிடிப்பு அதிகமான) டயர் மாட்டியதிலிருந்து, நீளமான வலப்பக்க வளைவில் ஆயில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறது. நேர்ப்பாதைக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. டிரை சம்ப் (ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் அமைப்பு) போட்டுவிடுங்கள் என்கிறார்கள். போட வேண்டுமா?

பதில்: அதை முடிவு செய்வதற்கு முன், தயவுசெய்து காரை டிராக்கில் இறக்காதீர்கள். கம்பெனி பொருத்திய விளக்கு, ஆயில் பிரஷர் 7 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) போல இறங்கிய பிறகுதான் எரியும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு. 7,000-த்தில் 70 இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 7 இருந்திருக்கிறது. அந்த ஒரு நொடியில் க்ராங்க் ஷாஃப்ட் 116 முறை சுற்றிவிடும்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உலோகத் துகள் இருந்தால் மினுமினுக்கும். இருந்தால் சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றி, கனெக்டிங் ராட் பேரிங்குகளை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றடுக்கு பேரிங் என்றால், நல்ல நிலையில் அதன் முகம் முழுக்க மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். ஆயில் கிடைக்காமல் ஓடியதில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வேறு பேச்சே இல்லை, பேரிங் மாற்றுங்கள்.

இப்படி நடப்பதற்குக் காரணம் எளிது. பக்கவாட்டு விசை 1 ஜி ஆகும்போது சம்பில் உள்ள ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்கிறது. வலப்பக்கம் திரும்பினால் ஆயில் முழுவதும் இடப்பக்கச் சுவரில் ஏறிவிடும். பம்ப்புக்கு ஆயிலை எடுக்கும் பிக்கப் குழாயின் வாய் காற்றை உறிஞ்சும். பழைய டயரில் கார் வழுக்கிவிடும், அந்த அளவு விசை வராது. செமி-ஸ்லிக் பிடித்து நிறுத்துவதால்தான் இந்தத் தொல்லை இப்போது தலைகாட்டுகிறது.

டிரை சம்ப் இதை அடியோடு தீர்க்கும். ஆயிலை எஞ்சினுக்கு அடியில் தேக்குவதே இல்லை. பெல்ட்டில் ஓடும் பல அடுக்கு பம்ப்பின் ஒரு அடுக்கு, டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு அனுப்பும். மற்ற அடுக்குகள், அதாவது ஸ்காவெஞ்ச் அடுக்குகள், கீழே வடியும் ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சி டேங்குக்கே திருப்பும். உறிஞ்சும் திறன் அனுப்பும் திறனைவிடக் கணிசமாக அதிகம் இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கிருந்து வருவது பாதி காற்று, பாதி ஆயில் கலந்த நுரை.

எல்லோரும் பம்ப்பைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் டேங்கைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். காற்று கலந்த ஆயிலை எத்தனை நல்ல பம்ப் அனுப்பினாலும் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் நிற்காது. அதனால் டேங்க் உயரமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும். திரும்பி வரும் ஆயில் மேல்பக்கம் சுவரை ஒட்டி நுழைந்து, சுழன்றபடி இறங்க வேண்டும். அந்தச் சுழற்சியில்தான் ஆயில் வெளிப்பக்கமும் காற்று நடுவிலுமாகப் பிரிகிறது. இடம் இல்லை என்று குட்டையான, அகலமான டேங்கை வைத்தால், சம்பில் இருந்த அதே பிரச்சினையை, டேங்க் இருக்கும் டிக்கிக்கு மாற்றியதாகத்தான் ஆகும்.

கூடுதல் பலன்களும் உண்டு. க்ராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்துக் கிளறுவது குறைவதால் சக்தி கொஞ்சம் மிஞ்சும். ஆழமான சம்ப் தேவையில்லாததால் எஞ்சினைத் தாழ்த்தி வைக்கலாம். க்ராங்க் கேஸில் உண்டாகும் வெற்றிடம் பிஸ்டன் ரிங்குகள் நன்றாகப் பதிய உதவும். இதெல்லாம் புதிதல்ல: 1954-இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.லிலும், 1964-இல் வந்த முதல் போர்ஷே 911-லும் டிரை சம்ப்தான்.

உங்கள் காருக்கு? உடனே வேண்டாம் என்பதே என் கருத்து. பிரஷர் சென்சார் ஒன்று வைத்து, பக்கவாட்டு விசையோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சம்புக்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளுடன் தடுப்பு போடுங்கள். ஆயிலை அளவுகோலின் (டிப்ஸ்டிக்) மேல் கோட்டில் வையுங்கள். போதாவிட்டால் ஆயில் அக்யூமுலேட்டர் சேருங்கள். அழுத்தத்தில் தேக்கிய ஓரிரு லிட்டர் ஆயில், பிரஷர் இறங்கும் அந்த நொடிகளை ஈடுகட்டும். செமி-ஸ்லிக் அளவுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். முழு ஸ்லிக் டயர், பெரிய விங் என்று போகும் திட்டம் இருந்தாலோ, இவ்வளவு செய்த பிறகும் பதிவில் பிரஷர் இறங்குவது தெரிந்தாலோ, டிரை சம்ப் போடுங்கள்.

போடுவதானால் ஒரு எச்சரிக்கை. பேரிங் போன எஞ்சினில் ஓடிய ஆயில் கூலரை மறுபடி மாட்டாதீர்கள். அதன் நுண்ணிய குழாய்களில் சிக்கிய துகளை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. புதிதாகக் கட்டிய எஞ்சின் ஒன்று சில சுற்றுகளிலேயே நாசமானதைத் திறந்து பார்த்திருக்கிறேன். புது பேரிங்குகள் அத்தனையிலும் கோடு கோடாகக் கீறல். பழைய கூலர்தான் காரணம். அதேபோல ஒவ்வொரு ஸ்காவெஞ்ச் குழாயிலும் வலை வடிகட்டி வையுங்கள். பெல்ட் அறுந்தால் பிரஷர் அப்படியே போய்விடும் என்பதால், பிரஷர் இறங்கினால் எஞ்சினைத் தானே நிறுத்தும் அமைப்பும் அவசியம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள்.

ஆயில் அளவை எஞ்சின் சூடேறி, ஐடிலில் ஓடும்போதே டேங்கில் பாருங்கள். நிறுத்தி வைத்த காரில் டேங்க் ஆயில், பம்ப்பின் இடுக்கு வழியாக மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் டேங்கைத் திறந்து குறைவாக இருக்கிறதே என்று ஊற்றிவிட்டால், ஸ்டார்ட் செய்ததும் மிஞ்சியது டேங்கின் ப்ரீதர் (காற்று வெளியேறும் குழாய்) வழியாகப் பொங்கி வரும்.