ஐரோப்பிய ஸ்பெக் சிந்தெட்டிக் இன்ஜின் ஆயில், குடுக்குற காசுக்கு வொர்த்தா?

என்கிட்ட 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இருக்கு, அப்பாகிட்ட ஒரு பழைய வேகன்ஆர். ரெண்டுக்கும் ஆயில் நான்தான் வாங்கிட்டுப் போய் பக்கத்துல நின்னு மாத்திட்டு வர்றேன். போலோவுக்கு வொர்த், வேகன்ஆருக்கு வொர்த் இல்லீங்க. ரெண்டுக்கும் ஒரே பதில் சொல்றவங்கள நம்பாதீங்க.

கடைல டப்பாவ கையில எடுத்தா முன்பக்கம் பாக்காதீங்க, திருப்பி பின்பக்கம் படிங்க. முன்னாடி பெருசா போட்டுருக்கற "ஃபுல்லி சிந்தெட்டிக்"ங்கற வார்த்தைய வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. 1999-ல அமெரிக்காவுல இதுக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு, ரசாயன முறைல செயற்கையா செய்யாம, க்ரூடு ஆயில நல்லா சுத்திகரிச்சு எடுக்குற குரூப் 3 ஆயில சிந்தெட்டிக்னு போட்டு விக்கிறாங்கன்னு மொபில் கம்பெனி காஸ்ட்ரால் மேல புகார் குடுத்துச்சு, விளம்பரத்த விசாரிக்கிற அமைப்பு காஸ்ட்ரால் பக்கம்தான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் பல கம்பெனிங்களும் அப்படி போட ஆரம்பிச்சுட்டாங்க. குரூப் 3 நல்ல ஆயில்தான், நான் குறை சொல்லல, ஆனா அந்த வார்த்தைக்காக மட்டும் ஆயிரம் ரூபா கூட குடுக்க வேணாம்.

பின்பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க, வோக்ஸ்வேகன் 502 00, 504 00 / 507 00, பென்ஸ் 229.5, 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, ஏசிஇஏ சி3ன்னு. ஐரோப்பிய கார் கம்பெனிங்களும் அவங்க சங்கமான ஏசிஇஏவும் ஆயிலுக்கு வச்ச ஸ்பெக், அதாவது தர அளவுகோல், இதெல்லாம். காசு குடுக்க வேண்டியது இந்த நம்பருக்குத்தான். ஜெர்மனில ஆட்டோபான்ல மணிக்கணக்கா 160, 180ல ஓட்டுறான், சர்வீஸ் 30,000 கிலோமீட்டர் இல்லன்னா 2 வருஷம் வரைக்கும் தள்ளிப் போகும், இன்ஜின் சின்னது, மேல டர்போ வேற. அந்த சூட்டுல ஆயில் தண்ணியா ஆகிடக்கூடாதுன்னு 150 டிகிரில வச்சு அதோட கெட்டித்தன்மைய அளக்குறாங்க, எச்டிஎச்எஸ்னு பேரு. ஏசிஇஏ சி3ன்னா அது 3.5க்கு குறையக்கூடாது. நம்ம ஊர்ல விக்கிற சாதாரண 5டபிள்யூ-30 (முதல் நம்பர் குளிருல, ரெண்டாவது சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்றது) பல டப்பாவுல அது 3 பக்கத்துலதான் இருக்கும். ரெண்டு டப்பாவுலயும் 5டபிள்யூ-30ன்னே போட்டுருக்கும், கடைக்காரரும் ரெண்டும் ஒண்ணுதான் சார்னு சொல்வாரு, ஆனா ஒண்ணு இல்ல.

இது எனக்கு புரிஞ்சது எங்க மாமாவோட லாராவால. ஸ்கோடா லாரா 1.9 டீசல், அதுல இருக்கறது பிடி இன்ஜின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், அத கேம்ஷாஃப்டே நேரா அமுக்கி டீசல் அடிக்கும். இன்ஜெக்டருக்குன்னு கேம்ல தனி லோப், அதாவது அமுக்குற மேடு, வேணும், அதனால வால்வ அமுக்குற லோப் ஒடுங்கிப் போச்சு, ஒடுங்கின இடத்துல அவ்வளவு லோடும் விழும். அதுக்காகவே வோக்ஸ்வேகன் 505 01ன்னு தனி ஸ்பெக் கொண்டு வந்தாங்க. மாமா வாரண்டி முடிஞ்சதும் செலவு கம்மியாகும்னு வீட்டுப் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டாரு, அவங்க எல்லா டீசல் வண்டிக்கும் டிரம்ல இருந்து ஊத்துற 15டபிள்யூ-40யவே இதுக்கும் ஊத்திட்டாங்க, மூணு நாலு சர்வீஸ். டிக் டிக்னு சத்தம் வந்து, பிக்கப் போயி, கடைசில கழட்டிப் பாத்தா கேம் லோப்பு தேஞ்சு முனை உருண்டு போய் கெடக்கு. கேம்ஷாஃப்ட், டாப்பெட் எல்லாம் மாத்துன காசுக்கு பத்து வருஷம் நல்ல ஆயில் ஊத்திருக்கலாம். அன்னிக்கு மாமா முகத்த பாத்தது இன்னும் மறக்கல.

பிஎஸ்6 டீசல் வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும். 2020 ஏப்ரல்ல இருந்து வந்த டீசல் கார்ல டிபிஎஃப்னு ஒரு புகை ஃபில்டர் இருக்கு. புகைல வர்ற கரிய அது புடிச்சு வச்சு எரிச்சுரும், ஆனா ஆயில்ல இருக்குற கால்சியம், ஜிங்க் மாதிரி சரக்கு எரிஞ்சா வர்ற சாம்பல் எரியாது, உள்ளயே தங்கி அடைச்சுக்கும். அதனாலதான் சி3 ஆயில்ல சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிருக்காங்க, ஏசிஇஏவோட இன்னொரு வகையான ஏ3/பி4 ஆயில்ல 1.6 வரைக்கும் விடுறாங்க. ரெண்டுமே ஐரோப்பிய ஸ்பெக்தான், ரெண்டுமே விலை அதிகம்தான், ஆனா டிபிஎஃப் வண்டிக்கு ஏ3/பி4 ஊத்துனா காசும் போச்சு ஃபில்டரும் போச்சு.

சரி என் போலோ. மேனுவல்ல 502 00ன்னு இருக்கு, 5டபிள்யூ-40ல அந்த அப்ரூவல் உள்ளதா வாங்குறேன். சாதாரண ஆயிலுக்கும் இதுக்கும் லிட்டருக்கு 300 ரூபா வித்தியாசம்னு வச்சாலும் 4 லிட்டருக்கு 1,200, நான் 10,000 கிலோமீட்டர்ல மாத்துறேன், கிலோமீட்டருக்கு 12 பைசா. டர்போவுக்கு 12 பைசா நான் தாராளமா குடுப்பேன். கம்பெனி சொல்றது 15,000, ஆனா என் ஓட்டம் பூரா சிட்டி டிராஃபிக், ஏசி போட்டுட்டு சிக்னல்ல நிக்கறப்ப கிலோமீட்டர் ஓடாது இன்ஜின் ஓடும். இன்னும் மேல போய் 0டபிள்யூ-40 வாங்கலாமான்னு கேக்குறாங்க. 0டபிள்யூங்கறது மைனஸ் 35 டிகிரில இன்ஜின் சுத்துதான்னு பாக்குற டெஸ்ட், 5டபிள்யூக்கு மைனஸ் 30. சென்னைலயோ மதுரைலயோ அந்த அஞ்சு டிகிரிக்கு காசு குடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல, மேனுவலே கேட்டா மட்டும் வாங்குங்க.

அப்பாவோட வேகன்ஆர்ல டர்போ இல்ல, டிபிஎஃப் இல்ல, மேனுவல் கேக்குறதும் மெல்லிய ஆயில்தான். ஏபிஐ எஸ்என் (இது அமெரிக்க தர அளவு) இல்லன்னா அதுக்கு மேல போட்ட 5டபிள்யூ-30 நேரத்துக்கு மாத்துனா அது பாட்டுக்கு ஓடுது. ஒரு தடவ ஆசப்பட்டு போலோவுல மிஞ்சுன 5டபிள்யூ-40யோட இன்னும் கொஞ்சம் வாங்கி சேத்து அதுக்கும் ஊத்துனேன், வண்டில எந்த நல்ல மாத்தமும் தெரியல, காலைல எடுக்கறப்ப கொஞ்சம் கனமா இழுத்த மாதிரிதான் இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு, "மீட்ஸ்"னு போட்டுருந்தா அது ஆயில் கம்பெனி தானா சொல்லிக்கறது, "அப்ரூவல்"னு போட்டுருந்தாத்தான் கார் கம்பெனி டெஸ்ட் பாத்து குடுத்தது. விலை கூடுன ஆயில்லதான் டூப்ளிகேட்டும் அதிகம், அதனால தெரிஞ்ச டீலர்கிட்ட சீல் பாத்து வாங்குங்க, உங்க கண்ணு முன்னாடி ஒடச்சு ஊத்தச் சொல்லுங்க, காலி டப்பாவ அங்க விட்டுட்டு வராதீங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அடில ஸ்க்ரூடிரைவரால ரெண்டு ஓட்ட போட்டுத்தான் குப்பைல போடுவேன், இன்னொருத்தர் வண்டிக்கு அதே டப்பால கண்டத ரொப்பி போகக்கூடாது இல்லீங்களா.