பைன் மரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஏற்காடு போய் வந்தவர்கள் பலர் பைன் மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாவரவியல் பாடம் நடத்தியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: டீச்சர், ஏற்காட்டில் காபித் தோட்டம் முழுக்க நெட்டையாக நிற்பது பைன்தானே?

இல்லைம்மா, அது சில்வர் ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மரம். காபிக்கு நிழல் கொடுக்கவும், மிளகுக்கொடி ஏற்றிவிடவும் தோட்டக்காரர்கள் நட்டது. கீழே விழுந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. நிறைய வெட்டு விழுந்த இலை. மலையில் காற்று அடிக்கும்போது மரமே நிறம் மாறுவது இதனால்தான். கோடை விழா சமயத்தில் போனால் அண்ணாந்து பாருங்கள். ஆரஞ்சு கலந்த தங்க நிறத்தில், காம்பின் ஒரே பக்கமாக வரிசைகட்டிப் பூத்திருக்கும். பைனில் இப்படிப் பூவே கிடையாது.

மேட்டூரிலிருந்து: எங்கள் பக்கம் இருக்கும் சவுக்கு?

அதுவும் பைன் இல்லை. சவுக்கின் ஊசியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, மெல்லிய குச்சி. பைன் ஊசி முழு இலை, கணு இருக்காது. இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் அடியில் ஒன்றாகக் கட்டியபடி இருக்கும். இமயமலையின் சிர் பைனுக்கு மூன்று, நீலப் பைனுக்கு ஐந்து.

ஏற்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி: பழைய பங்களா ஒன்றில் அடுக்கடுக்காகக் கிளை விட்ட ஒரு மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. விழுந்துவிடுமா? கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அராக்கேரியா. பைனுக்குத் தூரத்துச் சொந்தம், பைன் அல்ல. அதில் குக் பைன் என்ற (பெயரில் மட்டும் பைன்) வகைக்கு ஒரு விசேஷம் உண்டு: உலகத்தில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாயும். 2017இல் ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் அளந்து பார்த்து எழுதினார்கள். அப்படியானால் நம் ஊரில் தெற்கே சாய வேண்டும். போனில் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். தெற்கே என்றால் அது மரத்தின் சுபாவம். வேறு பக்கமாகவோ, வேர் பக்கம் மண் விரிசல் விட்டோ இருந்தால் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: கொடைக்கானலில் வாங்கிவந்த பைன் கூம்பு நன்றாக விரிந்திருந்தது. ஐப்பசி மழையில் ஜன்னலோரம் வைத்திருந்தேன், மூடிக்கொண்டது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அது அப்படித்தான். கூம்பின் ஒவ்வொரு செதிலிலும் இரண்டு படலம். வெளிப்படலம் ஈரத்தில் அதிகம் நீளும், உள்படலம் அவ்வளவு நீளாது. அதனால் செதில் உள்பக்கம் வளைந்து மூடும். காய்ந்தால் திறக்கும். மரத்தை விட்டு விழுந்து வருஷங்கள் ஆன, உயிரில்லாத கூம்பும் இதைச் செய்யும். இறக்கை வைத்த விதை மழையில் நனைந்து காலடியிலேயே விழாமல், வறண்ட காற்றில் தூரம் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஓரிரு மணி நேரத்தில் இறுக மூடும். அப்புறம் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, பூஜைப் பொருள் கடையிலிருந்து: பைனுக்கும் நம் ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா டீச்சர்?

உங்கள் கடையிலேயே இருக்கிறது! இன்று விற்கும் சூடத்தில் பெரும்பாலானது கற்பூர மரத்திலிருந்து வருவதில்லை. பைன் மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பிசினைக் கிண்ணத்தில் பிடிப்பார்கள். உத்தராகண்டில் அதற்கு லீசா என்று பெயர். அதைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் தனியாக வரும், ரோசின் என்ற கட்டி அடியில் தங்கும். டர்பன்டைனில் உள்ள பைனீன் என்ற பொருளைத் தொழிற்சாலையில் படிப்படியாக மாற்றித்தான் சூடம் செய்கிறார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் முன்னால் நாம் ஏற்றும் சூடத்துக்குள் ஏதோ ஒரு பைன் காடு இருக்கிறது. எனக்கு இதைச் சொல்வதில் தனி சந்தோஷம். ரோசினும் சும்மா போவதில்லை. வயலின் வில்லில் தேய்ப்பதும், மொபைல் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது புகைவதும் அதுதான்.

ஆனால் சூடத்தை வாயில் போடாதீர்கள். குழந்தைகளுக்குச் சிறிதளவு உள்ளே போனாலே வலிப்பு வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆத்தூரிலிருந்து: அம்மாவுக்கு மூட்டுவலி. டர்பன்டைன் தேய்க்கலாமா? பைன் ஊசி டீயும் நல்லது என்கிறார்களே?

வெளியே தேய்க்கும் வலித் தைலங்கள் பலவற்றில் டர்பன்டைன் சேர்ப்பதுண்டு. சூடு கொடுக்கும், வலி கொஞ்சம் மறக்கும்; மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்யாது. மருந்துக்கடைத் தைலத்தை மட்டும் வாங்குங்கள், பெயிண்ட் கடை டர்பன்டைன் வேண்டாம். புண் மேல் படக்கூடாது, ஒருபோதும் குடிக்கக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

ஊசி டீயைப் பொறுத்தவரை, பைன் இலையில் வைட்டமின் சி இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் ஒருவகைப் பைன் ஊசியைத் தின்ற சினைப்பசுக்களுக்குக் கரு கலைந்திருக்கிறது. கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. மற்றவர்களுக்கும், எது பைன் என்பதிலேயே இத்தனை குழப்பம் இருக்கும்போது, ஏற்காட்டில் ஊசி பறித்துக் கொதிக்கவைக்காதீர்கள். வைட்டமின் சி வேண்டுமா, நெல்லிக்காய் இருக்கிறது.

அம்மாபேட்டையிலிருந்து, பள்ளி மாணவி: பைன் மரத்துக்குக் கதை உண்டா?

நிறைய. ஜப்பானில் புத்தாண்டுக்கு வாசலில் பைனும் மூங்கிலும் வைப்பார்கள். அங்கே தகாசகோ என்ற ஊரின் பைனும் சுமியோஷி பைனும் கணவன் மனைவி என்று ஒரு கதை. தூரம் பிரித்தாலும் சேர்ந்தே முதுமை அடைந்த தம்பதி, அதனால் கல்யாணத்தில் அந்தக் கதையின் பாட்டைப் பாடுவார்கள். 'நோ' என்ற ஜப்பானின் பழைய நாடக வகையின் மேடைப் பின்சுவரில் எப்போதும் ஒரு பழைய பைன் வரைந்திருக்கும். கொரியாவில் அறுவடைப் பண்டிகைக்கு நம் கொழுக்கட்டை போலவே அரிசி மாவில் பூரணம் வைத்து, பைன் ஊசி பரப்பி அதன்மேல் வேகவைப்பார்கள். ஊசியின் வாசனை மாவில் ஏறிவிடும்.

நம் பக்கம் தேடினால் கிடைக்காது. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது, அதில் பைன் இல்லை. சேர்வராயன் மலைக்குச் சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக் கோயிலும் இருக்கும்போது, பைன் கதையை வலிந்து ஒட்ட வேண்டியதில்லை.

நாகலூரிலிருந்து: எங்கள் நிலத்தில் பைன் நடலாமா?

வேண்டாம் ஐயா. உதிர்ந்த ஊசி சீக்கிரம் மக்காது, கோடையில் தீ எளிதாகப் பற்றும். நீலகிரிப் புல்வெளிகளில் மெக்சிகோ பைன் தானாகப் பரவித் தொல்லை கொடுக்கிறது. நாவல், வேங்கை, செண்பகம் வையுங்கள். பறவைக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும்.

கடைசியாக, சூரமங்கலத்திலிருந்து: அப்போ நிஜப் பைனை எங்கே பார்ப்பது?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், தலைகுந்தாவுக்கு முன்னால் ஒரு பைன் காடு இருக்கிறது. கொடைக்கானலிலும் உண்டு. மழை விட்டுப் பனி தொடங்கும் மாதங்களில் காலையிலேயே போங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால். உதிர்ந்த ஊசிக்கட்டு ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஈர ஊசி மேல் செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.