கைக்கெட்டிய ஐஸ்கிரீம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வயதில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ பார்த்தேன். திரையிலிருந்து நீண்டு வந்த ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கை நீட்டியதும், அரங்கு முழுக்கக் கைகள் நீண்டதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. போன மாதம் அதை என் மகளுக்கு டிவியில் காட்டினேன். பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. சிவப்பு-நீலக் கண்ணாடி வாங்கி போனில் வேறு முப்பரிமாணப் படம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. சின்ன வயது என்பதால்தான் அன்று அப்படித் தெரிந்ததா? அந்த அனுபவத்தை அவளுக்குக் கொடுக்க வழி உண்டா?

கா.வே., திண்டுக்கல்

அன்புள்ள கா.வே.,

நீங்கள் கண்டது பிரமை இல்லை. டிவியில் போட்டது அதில் பாதிப் படம்.

1984 ஆகஸ்ட் 24 அன்று வெளியான அந்தப் படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, ஜிஜோ புன்னூஸ் இயக்கம், இளையராஜா இசை, ‘உதிரிப்பூக்கள்’ அசோக்குமாரின் ஒளிப்பதிவு. 35 எம்.எம். ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படக்கட்டத்துக்கு) நான்கு துளை உயரம். அதை இரண்டிரண்டு துளையாகப் பிரித்து ஒரு கண்ணுக்கான படத்தை மேலேயும், மறு கண்ணுக்கானதைக் கீழேயும் பதிந்தார்கள். டிவிக்குப் போகும்போது இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறார்கள். ஒற்றைக் கண் படத்தில் எந்தக் கண்ணாடி போட்டாலும் ஆழம் வராது. தட்டையான படத்தைக் கணினியில் மாற்றி ‘3டி’ என்று போடுகிறார்களே, அதில் வரும் ஆழம் கணினியின் வெறும் ஊகம்.

மீதிப் பாதி அரங்கில் இருந்தது. புரொஜக்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு போலராய்டு வடிகட்டி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக. உங்கள் கண்ணாடியிலும் அதே சாய்வுகள், அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்கான படம் மட்டும் போகும். சாதாரண வெள்ளைத் திரை அந்த ஒளியைக் கலைத்துவிடும், இரண்டு படமும் இரண்டு கண்ணுக்கும் போய்விடும். அதனால் வெள்ளித் திரை வேண்டும். வடிகட்டிகள் பாதிக்கு மேல் வெளிச்சத்தைக் குடித்துவிடுவதால் விளக்கும் பலமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கெடுக்க ஆபரேட்டரின் ஒரு தவறு போதும். அறுந்த ஃபிலிமை இரண்டு துளை தள்ளி ஒட்டினாலோ, ஃபிரேமை அரை அளவு தள்ளி நிறுத்தினாலோ இடக்கண் படம் வலக்கண்ணுக்குப் போய்விடும். தூரத்து மலை முன்னால் வரும், பக்கத்து முகம் குழிந்து உள்ளே போகும், ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கும். உங்கள் நினைவு இவ்வளவு தெளிவாக இருக்கிறதென்றால் அந்த அரங்கின் ஆபரேட்டருக்கும் அதில் பங்கு உண்டு. (கண்ணாடியால் ‘மெட்ராஸ் ஐ’ பரவும் என்று வதந்தி கிளம்பியதும், ஒவ்வொரு காட்சிக்கும் கண்ணாடியைச் சுத்தம் செய்தே தருகிறோம் என்று பிரேம் நசீர், ரஜினிகாந்த் போன்றவர்களைச் சொல்லவைத்துப் படத்துக்கு முன்னால் காட்டினார்கள்.)

இனி ஐஸ்கிரீம். பொருள் வெளியே வர, அதன் இடக்கண் படம் திரையில் வலப்பக்கமாகவும் வலக்கண் படம் இடப்பக்கமாகவும் விழ வேண்டும். அப்போது பார்வைக் கோடுகள் திரைக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தில்தான் பொருள் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். பெரியவர்களின் கண்களுக்கு இடையே சுமார் 6.5 செ.மீ. 10 மீட்டர் அகலத் திரையில் அந்த இரண்டு படங்களும் 32.5 செ.மீ. விலகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 5 மடங்கு. அப்போது பொருள், திரைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்கில், உங்களுக்கு முன்னால் நிற்கும். 6 மீட்டரில் இருப்பவருக்கு 1 மீட்டரில், 12 மீட்டரில் இருப்பவருக்கு 2 மீட்டரில், 18 மீட்டரில் இருப்பவருக்கு 3 மீட்டரில். முன்வரிசை, பின்வரிசை என்றில்லை, அவரவர் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். அரங்கு முழுக்கக் கை நீண்டது அதனால்தான்.

வயதுக்கும் இதில் வேலை உண்டு. எட்டு வயதில் கண்ணிடைவெளி சுமார் 5.5 செ.மீ.தான். அதே கணக்கில் 12 மீட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஐஸ்கிரீம் இன்னும் கால் மீட்டர் கிட்டே வரும். அப்பா அம்மாவைவிட உங்களுக்கு அது பக்கத்தில்தான் இருந்தது.

போனில் ஏன் வரவில்லை? 15 செ.மீ. அகலத்தில் அந்த விலகல் அரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் பொருள் வெளியே வருவது 2 செ.மீ. மட்டும். உங்கள் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம்.

என் யோசனை: ஒரு சிறிய புரொஜக்டரை இரவல் வாங்குங்கள். இடம், வலம் இரண்டு படமும் உள்ள, உண்மையாகவே இரண்டு கண்ணுக்கு எடுத்த ஏதாவது ஒரு படத்தைத் தேடி, சிவப்பு-நீல முறைக்கு மாற்றி, வெள்ளைச் சுவரில் 2 மீட்டர் அகலத்துக்குப் போடுங்கள். இந்த முறைக்கு வெள்ளித் திரை தேவையில்லை. மேலே சொன்ன விலகல் இங்கே 6.5 செ.மீ. ஆகும், பொருள் சரியாகப் பாதித் தூரம் வரும். 3 மீட்டரில் உட்கார்ந்தால் ஒன்றரை மீட்டரில் நிற்கும். சிவப்புக் கண்ணாடி இடக்கண்ணுக்கு. நல்ல சிவப்புப் பொருள்கள் ஒரு கண்ணுக்கு வெளிறியும் மறு கண்ணுக்குக் கறுத்தும் தெரிந்து கூசும். அதனால் நிறத்தைப் பாதியாகக் குறையுங்கள், முழுக் கறுப்பு வெள்ளையானாலும் சரி. அறையில் ஒரு விளக்கும் எரியக்கூடாது.

குட்டிச்சாத்தானை அவளுக்கு மறுபடி காட்டுவதானால், குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த வித்தை ஒற்றைக் கண்ணிலும் பிழைத்திருக்கிறது. அறை முழுவதையும் உருளும்படி கட்டி, கேமராவை அறையோடு சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். அறை சுழலும்போது கேமராவும் சுழலும், பிள்ளைகள் எப்போதும் அடிப்பக்கத்தில்தான் நடப்பார்கள். திரையில் அறை அசையாது, பிள்ளைகள் ஏறுவார்கள். விளக்குகளும் அறையோடு சுழல வேண்டும், இல்லாவிட்டால் நிழல் காட்டிக்கொடுக்கும். நடை வேகமும் உருளும் வேகமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கால் வழுக்கும். முடியும் பாவாடையும் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

சுவரில் படம் காட்டும்போது அவளை மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டாம். தலை சாய்ந்தால் பக்கவாட்டு விலகல் மேல்கீழாகிவிடும், இரண்டு படங்களும் ஒட்டாது. நிமிர்ந்து, நடுவில் உட்காரட்டும்.